தொண்டையில முடிச்சா? கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டையில ஸ்பீச் தெரபி பாக்கேன். குரல் நாண்ல வர்ற முடிச்சை, அதான் டாக்டருங்க நாடியூல்ங்காங்களே, அதை ஆபரேஷன் இல்லாம சரி பண்ணுதது பத்தி மட்டும் கேளுங்க. தைராய்டு, டான்சில் எல்லாம் டாக்டர்ட்ட போங்க.

அக்கா, நான் ஆறாங்கிளாஸ் டீச்சர். கேமரா போட்டுப் பாத்துட்டு ரெண்டு பக்கமும் நாடியூல்னுட்டாங்க. ஆபரேஷன்தானா?

இல்ல தாயி, தெரபிதான் முதல் வழியே. மம்பட்டி பிடிக்கவங்க உள்ளங்கையில காய்ப்பு விழுமுல்லா, அதே கததான். பேசும்போது பொம்பளையளுக்கு நாண் ரெண்டும் செகண்டுக்கு சுமார் 200 தடவை மோதும், ஆம்பளையளுக்கு 110, 120தான், நீங்க கிளாஸ்ல கத்திக் கத்தி ஒரே இடத்துல அடிபட்டு தடிச்சுப் போச்சு. வெட்டி எடுத்துட்டு திரும்பவும் கத்துனா திரும்பவும் வரும்.

ஒரு ஸ்ட்ராவ டம்ளர் தண்ணிக்குள்ள விட்டு ‘ஊ’ன்னு சத்தம் குடுத்துக்கிட்டே கொமிழி விடுங்க. வாய் பாதி அடைச்சிருக்கதால காத்து திருப்பி அழுத்தும், நாண் அடிச்சுக்கிடாம லேசாத் தொட்டு அதிரும். பிள்ளையள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டை ‘ப்ர்ர்’ருங்குமே, அதுவும் நல்லது. கிளாஸுக்கு இடுப்புல கட்டுத மைக் ஒண்ணு வாங்கிக்கிடுங்க. ரெண்டு மாசமாவது விடாம செய்யணும். முக்கியமா தொண்டையைக் கனைக்காதீங்க! கனைக்க வந்தா ஒரு மடக்கு தண்ணி.

வில்லுப்பாட்டு பாடுதேன்க்கா. கொடைன்னா ராத்திரி முழுக்க. குரல் கம்முனா குசுகுசுன்னு பேசி சமாளிக்கேன், சரியா?

குசுகுசுப்பு ஓய்வு இல்ல தம்பி, அழுத்திக் குசுகுசுத்தா தொண்டை இன்னும் இறுகும். சாதாக் குரல்லயே மெதுவாப் பேசுங்க. மைக்செட்காரர்ட்ட சொல்லி ஒரு பாக்ஸை உங்க பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க, உடுக்கு குடம் சத்தத்துல தன் குரல் தனக்குக் கேக்காதவன்தான் கத்துதான். பின்பாட்டுக்காரரும் கதைய கொஞ்சம் வாங்கட்டுமே. கனைக்காதீங்க.

பால்ல மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடிச்சா முடிச்சு கரையுமா?

கரையாது. குடிக்கது இரைப்பைக்குப் போகுது, நாண் இருக்கது மூச்சுக்குழாய் வாசல்ல. பால் அதுமேல பட்டா புரைதான் ஏறும்.

அப்ப தண்ணி குடின்னு மட்டும் சொல்லுதிய? அதுவும் அதே வழியாத்தான போகுது?

அண்ணாச்சி, நல்லா மடக்கிட்டிய. தண்ணி நேரா நாணை நனைக்காது, சரிதான். ஒடம்புல தண்ணி குறையாம இருந்தா தொண்டைச் சளி கெட்டியாகாது, நாண் வழுக்கிக்கிட்டு அதிரும். நேரா போயி படுதது ஆவிதான், அதுவும் வெறும் தண்ணி ஆவி போதும்.

அப்ப மிளகும் ரத்தத்துல கலக்குமுல்லா? எங்க ஆச்சி வைத்தியம் பொய்யா?

ஆச்சி சளிக்குத்தான குடுத்தாவ, முடிச்சுக்கா குடுத்தாவ? இதமா இருந்தா குடிங்க, நானும் குடிப்பேன். குடிச்சிட்டு கத்தாதீங்க.

தேன்? மேல பாருங்க.

சுக்குக் காப்பி? மேல!

8 வயசுப் பையன், எந்நேரமும் கரகரப்பு. நாடியூல்ங்காங்க.

அந்த வயசுல பையன்களுக்குத்தான் ஜாஸ்தி. வளந்து குரல் உடையும்போது பெரும்பாலும் அதுவாப் போயிரும், கத்திய எடுக்க அவசரப்படாதீங்க. தெரபிய விளையாட்டா சொல்லிக் குடுக்கலாம். வீட்ல டிவி சத்தத்தைக் குறைங்க, அடுக்களையில இருந்துக்கிட்டு நீங்க ஏலேன்னு கூப்பிட்டா அவன் அங்கருந்து கத்தத்தான் செய்வான்.

அப்பாக்கு 58. பீடி குடிப்பாரு. ஒன்றரை மாசமா குரல் கம்மிருக்கு. அந்த ஸ்ட்ரா பயிற்சி செய்யச் சொல்லவா?

வேண்டாம். நாளைக்கே இஎன்டி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. 4 வாரம் தாண்டுன கரகரப்பை கேமரா போட்டுப் பாத்தே ஆகணும், பீடி சிகரெட் குடிக்கவங்க 4 வாரம்கூட காத்திருக்கக் கூடாது. முடிச்சுன்னு பாத்து உறுதியானப்புறம்தான் என் வேலை. போயிட்டு வந்து சொல்லுங்க.

அக்கா, கருப்பட்டி?

ஏய்யா, மேல பாருங்கய்யா.

மிளகுக்காரன்தான். பனங்கிழங்காவது…?

அவிச்சுத் தின்னுங்க அண்ணாச்சி. நார் சிக்கிட்டுன்னு கனைக்காம.