கென்ய மாரத்தான் வீரர்கள் எல்லாருமே ஊக்கமருந்தில்தான் ஓடுகிறார்களா?

"கென்ய ஓட்டக்காரர்கள் அடுத்தடுத்து மாட்டுகிறார்களே, அப்படியென்றால் எல்லாருமே மருந்தில்தான் ஓடுகிறார்களா? இத்தனை வருடம் நாம் வாய்பிளந்து பார்த்ததெல்லாம் பொய்யா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாரும் இல்லை. ஆனால் சந்தேகப்படுபவரைப் பொறாமைக்காரர் என்று சொல்லி வாயடைக்கிற காலமும் போய்விட்டது. பல வருடங்களாக மாரத்தான் பார்க்கிற ஒரு ரசிகனாக எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரூத் செப்ன்கெடிச் கதை. 2024 அக்டோபர் 13, சிகாகோ மாரத்தான். நமக்கு அது ஞாயிறு மாலை, சௌகரியமாக உட்கார்ந்து பார்க்கலாம். முதல் 5 கிலோமீட்டர் 15 நிமிடம். பாதி தூரம் 64 நிமிடம் 16 விநாடி. இந்த வேகத்துக்கு எப்படியும் நடுவில் படுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். படுக்கவில்லை. 2:09:56. மாரத்தானை 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண். அதற்கு முன் அவருடைய சிறந்த நேரம் 2:14:18, உலக சாதனை 2:11:53. அன்றே செய்தியாளர் சந்திப்பில் ஒரு அமெரிக்க நிருபர், சந்தேகப்படுபவர்களுக்கு என்ன பதில் என்று நேராகக் கேட்டார். செப்ன்கெடிச் பிடிகொடுக்காமல் நகர்ந்துவிட்டார். கேட்ட நிருபர் மேல்தான் கென்யாவில் பலர் பாய்ந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 2025 மார்ச் 14 அன்று எடுத்த சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரைதான். ஆனால் சிறுநீரை அதிகமாக்கி வேறு மருந்துகளின் தடயத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராமைத் தாண்டினாலே ஆய்வகம் புகார் செய்ய வேண்டும். இவரிடம் இருந்தது சுமார் 3,800. காரணம் தெரியாது என்று முதலில் சொன்னவர், பிறகு உடம்பு சரியில்லாதபோது வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்றார். 2025 அக்டோபரில் 3 ஆண்டுத் தடை. அவருடைய கைப்பேசியில் கிடைத்த தகவல்கள் பற்றிய விசாரணை தொடரும் என்றும் தடகள நேர்மைப் பிரிவு, அதாவது ஏஐயூ, சொன்னது. சிகாகோ சாதனையை நீக்கவில்லை. பொதுவாக மாதிரி எடுத்த நாள் முதலான முடிவுகள்தான் ரத்தாகும், அதுதான் விதி. விதி சரிதான், ஆனால் அந்த 2:09:56ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

இது ஒரே ஒருவர் கதை என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ரீட்டா ஜெப்டூ பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஜெயித்துக்கொண்டிருந்தவர், 2014இல் இபிஓ, அதாவது ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டும் ஊசி மருந்து, எடுத்து மாட்டினார். 1500 மீட்டரில் மூன்று முறை உலக சாம்பியனான அஸ்பெல் கிப்ரோப், அதே இபிஓ. லண்டன் மாரத்தான் ஜெயித்த டேனியல் வன்ஜிரு, ரத்த அளவுகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் ரத்தக் கடவுச்சீட்டில் சிக்கினார். சாலையில் 10 கிலோமீட்டரை 26:24இல் ஓடி உலக சாதனை வைத்திருந்த ரோனெக்ஸ் கிப்ரூட்டோவும் அப்படித்தான். அவர் சாதனையை அழித்தே விட்டார்கள். 2019இல் பாஸ்டன், சிகாகோ இரண்டையும் ஜெயித்த லாரன்ஸ் செரோனோவை 2022 உலக சாம்பியன்ஷிப் மாரத்தானுக்கு முந்தைய நாள் நிறுத்தினார்கள். தடையில் இருக்கும் கென்யர்கள் என்று பார்த்தால் நூற்றுக்கும் மேல்.

இதில் ரியோ 2016 பெண்கள் மாரத்தானை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கம் ஜெமைமா சும்கோங். ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற முதல் கென்யப் பெண். சில மாதங்களிலேயே இபிஓவில் மாட்டினார். தடை 4 ஆண்டு. தான் சொன்ன சாக்கை நிரூபிக்க மருத்துவ ஆவணங்களில் கைவைத்ததால் அது பிறகு 8 ஆண்டானது. வெள்ளி வென்ற யூனிஸ் கிர்வா, கென்யாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடியவர். அவரும் 2019இல் இபிஓவில் மாட்டினார். இருவருடைய பதக்கமும் இன்றும் அவர்களிடமே இருக்கிறது, சோதனை பிறகு நடந்ததால். மூன்றாவதாக வந்த எத்தியோப்பியாவின் மாரே டிபாபா கழுத்தில் வெண்கலம்தான்.

அப்படியானால் ரஷ்யா மாதிரி அரசாங்கமே சேர்ந்து நடத்துகிற திட்டமா? இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2018இல் கென்யா பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் அதுவரை 138 கென்ய விளையாட்டு வீரர்கள் சிக்கியிருந்தார்கள். அதிகம் கிடைத்த மருந்து தசையை வளர்க்கும் நான்ட்ரோலோன்; அடுத்து வீக்கத்தைக் குறைக்கும் கார்டிகோஸ்டீராய்டுகள்; இபிஓ அதற்கும் பின்னால்தான். ஒருங்கிணைப்பு இல்லாத, பெரிய நுட்பமும் இல்லாத, கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்துகிற வகை என்பதுதான் அறிக்கையின் முடிவு. ரஷ்யர்கள் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ராத்திரியோடு ராத்திரியாக ஆய்வகச் சுவர் ஓட்டை வழியாக மாதிரிகளை மாற்றினார்கள். கென்யாவில் மருந்துக்கடைக்குப் போனால் போதும். ஊசி போடத் தெரிந்த ஒருவர், கொஞ்சம் பணம், மாட்டிக்கொண்டால் ஒரு போலி மருத்துவச் சீட்டு.

மாட்டுகிற மருந்துகளைப் பார்த்தாலே இது புரியும். ட்ரையம்சினோலோன் என்று ஒரு ஸ்டீராய்டு, மூட்டு வீக்கத்துக்குப் போடுவது. பலம் குறையாமல் எடையை இறக்க உதவும் என்பதற்காக ஓட்டக்காரர்கள் எடுக்கிறார்கள். 2021, 2022 வாக்கில் இதில் மாட்டிய கென்யர்கள் மட்டும் பத்துப் பேர். மற்ற நாடுகள் எல்லாம் சேர்த்தே இரண்டு பேர்தான் என்று ஏஐயூ அப்போது சொன்னது. ஒரே வட்டாரத்தில் ஒரே மருந்து இப்படிக் கூட்டமாகக் கிடைத்தால், அதைக் கொண்டுவந்து கொடுக்க யாரோ இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? தடை வாங்குவதோ எப்போதும் ஓடியவர். எழுதிக்கொடுத்த மருத்துவர், விற்ற கடைக்காரர், பங்கு வாங்கிய ஆள் யாரும் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. கென்ய ஊக்கமருந்து விவகாரத்தில் எனக்குப் பெரிய கோபம் இதுதான்.

பணத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பாஸ்டனில் முதல் பரிசு 2024இல் 1,50,000 டாலர். கென்யாவில் தலைக்குச் சராசரி ஆண்டு வருமானம் 2,000 டாலர் அளவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் (பாஸ்டன் திங்கட்கிழமை, சரி) எழுபத்தைந்து வருட வருமானம். கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இட்டென் என்ற சின்ன ஊரில், எல்டோரெட் நகரத்தைச் சுற்றியுள்ள முகாம்களில், ஆயிரக்கணக்கானவர்கள் விடிகாலையில் செம்மண் சாலையில் ஓடுகிறார்கள். அதில் சிலருக்குத்தான் ஐரோப்பாவிலோ சீனாவிலோ ஓட அழைப்பு வரும். அந்தச் சிலரில் ஒருவராக இருக்க இரண்டு நிமிடம் குறைந்தால் போதும் என்று தெரிந்தவனிடம் ஊசியோடு ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும்? நியாயப்படுத்தவில்லை. ஆனால் கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகும் எடுப்பவர்களை நான் இவர்களோடு சேர்க்க மாட்டேன்.

சோதனை முறையிலும் ஓட்டைகள் இருந்தன. பாஸ்போர்ட் என்று சொல்கிற ரத்தக் கடவுச்சீட்டு முறையில் ஒரு வீரரின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் வரிசையாகப் பார்த்து, இயற்கைக்கு மீறிய ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பார்கள். அதற்கு எடுத்த ரத்தத்தைச் சீக்கிரம் ஆய்வகம் சேர்க்க வேண்டும். இட்டெனிலிருந்து நைரோபி, அங்கிருந்து விமானத்தில் ஐரோப்பா என்றால் நடக்கிற காரியமா? 2018இல்தான் நைரோபியிலேயே அதற்கான ஆய்வகம் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், சமீபத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள் என்பதற்கு நிறையப் பேர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று மட்டும் அர்த்தமில்லை. இப்போதுதான் ஒழுங்காகத் தேடுகிறார்கள்.

தேடுபவர்களும் சுத்தமில்லை. சோதனைக்கு வருபவர் முந்தைய நாளே தனக்குத் தகவல் சொன்னார் என்றார் கிப்ரோப். அது உண்மை என்று ஏஐயூவே ஒப்புக்கொண்டது. ஆனால் இபிஓ எப்படி வந்தது என்பதற்கு அது பதில் இல்லையே, தடை விழுந்தது. ரியோவுக்குப் போன கென்யத் தடகள அணி மேலாளர் மைக்கேல் ரோடிச், 10,000 பவுண்டு கொடுத்தால் சோதனை வருவதை முன்கூட்டியே சொல்கிறேன் என்று பேசியதை மாறுவேடத்தில் போன பிரிட்டிஷ் நிருபர்கள் பதிவு செய்தார்கள். பத்தாண்டுத் தடை.

வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை ஆள் இல்லையென்றால் மருந்து கிடைக்காமலே தடை. முன்னாள் உலக சாதனையாளர் வில்சன் கிப்சாங் அப்படித்தான் போனார். மே மாதம் சோதனையைத் தவறவிட்டதற்கு, வழியில் லாரி கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டது என்று படம் அனுப்பினார். விசாரித்தால் அது ஆகஸ்டில் கவிழ்ந்த லாரி! 2:03:23இல் மாரத்தான் ஓடியவருக்கு நாள்காட்டி பார்க்க நேரமில்லை.

"மலையில் பிறந்தவர்களுக்கு ஏற்கனவே சிவப்பணு அதிகம், இபிஓ போட்டாலும் பயனில்லை" என்று ஒரு வாதம் ரொம்ப நாள் ஓடியது. சில பிரபல பயிற்சியாளர்களே சொன்னார்கள். கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் கென்யத் தன்னார்வ ஓட்டக்காரர்களுக்கு இபிஓ கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வேகம் கூடியது. அந்த வாதம் அதோடு முடிந்தது.

மறுபக்கம், கென்யர்கள் மருந்தால்தான் வந்தார்கள் என்பதும் தவறு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கிப் கெய்னோ 1500 மீட்டரிலும் நஃப்தாலி டெமு 10,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். இபிஓ மருந்தாகச் சந்தைக்கு வந்ததே எண்பதுகளின் கடைசியில். அந்தத் திறமை ஊசியில் வந்ததல்ல. அதனால்தான் ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை ஜெயித்த எலியுட் கிப்சோகே போல எந்தச் சோதனையிலும் சிக்காத ஒருவரை, கென்யர் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. நாட்டைப் பற்றிச் சந்தேகிக்கலாம்; தனி ஆளைப் பற்றிச் சொல்ல ஆதாரம் வேண்டும்.

அப்புறம், யார் ஏமாற்றப்படுகிறார்கள் என்று பாருங்கள். 2021 பாஸ்டனை ஜெயித்த டயானா கிப்யோகேயின் பட்டத்தை ட்ரையம்சினோலோனுக்காகப் பறித்தார்கள். அது போய்ச் சேர்ந்தது யாருக்கு? இரண்டாவதாக வந்த எட்னா கிப்லகட்டுக்கு. அவரும் கென்யர், அப்போது 41 வயது. முடிவுக்கோட்டில் கிடைக்க வேண்டிய கைதட்டல் அவருக்கு அறிக்கையாக வந்தது. 2014 பாஸ்டனில் ஜெப்டூவுக்குப் பின்னால் வந்த எத்தியோப்பியாவின் புசுனேஷ் டெபாவுக்குப் பட்டம் வந்தது, பணம் வரவில்லை. பத்து வருடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்கர் மனமிரங்கித் தன் கைக்காசிலிருந்து 75,000 டாலர் கொடுத்தார். ஏமாற்றுகிற கென்யர் அதிகம் பறிப்பது வெள்ளைக்காரரிடமிருந்து அல்ல, பக்கத்து முகாமில் இருப்பவரிடமிருந்துதான்.

நாம் இங்கிருந்து ரொம்ப நக்கலடிக்கவும் முடியாது. வாடாவின் 2023 கணக்கில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 214 பாசிட்டிவ். நம்மிடம் ஒலிம்பிக் மாரத்தான் பதக்கம்கூட இல்லை.

கென்ய அரசு என்ன செய்கிறது என்று கேட்டால், நெருக்கினால் செய்கிறது. 2016 ஒலிம்பிக் பக்கத்தில் வந்தபோது அவசரமாக ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் போட்டார்கள். 2022 கடைசியில் நாட்டையே தடை செய்துவிடுவார்கள் என்ற நிலை வந்ததும், ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டு செலவழிப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சோதனைகள் உண்மையிலேயே கூடியிருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்று: இனிமேல் யாரை நம்பிப் பார்ப்பது? எனக்கு ஓரளவு நிம்மதி தந்தது கென்ய மாரத்தான் வீரர் சபாஸ்டியன் சாவே. 2025 பெர்லின் மாரத்தானுக்கு முன்னால் அவர் தரப்பே ஏஐயூவிடம் போய், கூடுதலாகச் சோதியுங்கள் என்று கேட்டது. செலவுக்கு அவருடைய ஷூ நிறுவனமான அடிடாஸ் 50,000 டாலர் கொடுத்தது. இரண்டு மாதத்தில் 25 முறை ரத்தம், சிறுநீர் எடுத்தார்கள். வெயிலில் 2:02:16 ஓடி ஜெயித்தார். மாதிரிகளை 10 ஆண்டு வரை வைத்திருந்து புதிய முறைகளில் திரும்பச் சோதிக்க விதி இருக்கிறது என்பதால், அவர் சுத்தம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மற்ற பெரிய வீரர்களும் அவர்களுடைய ஷூ நிறுவனங்களும் இதே மாதிரி ஏன் கேட்கவில்லை என்று கேட்பேன்.