பட்டியலில் இல்லாத பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்ணூறுகளின் பாப் பங்க் இசை பற்றிய உங்கள் கட்டுரையில், கிரீன் டே குழுவின் 'பாஸ்கெட் கேஸ்' 1994இல் அமெரிக்க வானொலியை ஆட்டிப்படைத்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆர்வத்தில், பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் அமெரிக்க இதழான பில்போர்டின் பழைய ஹாட் 100 பட்டியல்களைப் புரட்டினேன். முதல் பத்தில் இல்லை, ஐம்பதில் இல்லை, நூறாவது இடத்தில்கூட இல்லை. ஆனால் என் நண்பர் ஒருவர் அந்தப் பாட்டு ஏழாம் இடம் வரை வந்தது என்று அடித்துச் சொல்கிறார். பிடித்த குழு என்பதால் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிவிட்டீர்களா? இன்னொரு கேள்வியும் உண்டு. வானொலியில் ஓயாமல் ஒலித்த ஒன்றை, பெரிய நிறுவனங்களை எதிர்த்து வளர்ந்த ராக் வகையான பங்க் என்று சொல்வது சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் தேடியது சரி. அந்தப் பட்டியலில் 'பாஸ்கெட் கேஸ்' இல்லை. ஆனால் வேட்புமனுவே தாக்கல் செய்யாதவர் எத்தனை ஓட்டு வாங்கினார் என்று தேடினால் என்ன கிடைக்கும்?

ஹாட் 100 என்பது அப்போது வானொலி ஒலிபரப்பையும் கடை விற்பனையையும் சேர்த்துக் கணக்கிட்ட பட்டியல். 1991 முதல் இரண்டையும் கணினியே எண்ணியது. எந்த நிலையம் எந்தப் பாட்டைப் போடுகிறது என்பதை ஒரு கருவி கேட்டு அடையாளம் கண்டுகொள்ளும். கடையில் விற்பது கல்லாவிலேயே பதிவாகிவிடும். அதற்கு முன்பு நிலையங்களும் கடைகளும் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இவ்வளவு துல்லியத்துக்கு நடுவே ஒரு பழைய விதி மட்டும் அப்படியே நின்றது. கடையில் சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனித் தட்டாக, விற்பனைக்கு வராத பாட்டு ஹாட் 100இல் இடம்பெறாது. நாடு முழுவதும் நாளெல்லாம் ஒலித்தாலும் கணக்கில்லை.

இசை நிறுவனங்களுக்கு அது தோதாக அமைந்தது. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைச் சில டாலருக்கு விற்றால், அதோடு திருப்தியாகி வீடு திரும்பும் ரசிகன் ஆல்பத்தை வாங்க மாட்டான். சிங்கிளே விற்காவிட்டால்? பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தையும் வாங்கியாக வேண்டும். எனவே வானொலி நிலையங்களுக்கு மட்டும் இலவசக் குறுந்தட்டு அனுப்பிவிட்டு, கடைக்குச் சிங்கிளை அனுப்பாமல் இருந்தார்கள். 1994 பிப்ரவரியில் ரிப்ரைஸ் நிறுவனம் வெளியிட்ட, 'பாஸ்கெட் கேஸ்' இடம்பெற்ற 'டூக்கி' ஆல்பத்தின் பாடல்கள் அமெரிக்காவில் இப்படித்தான் பரவின. ரசிகனுக்கு இது அநியாயம், வியாபாரத்துக்கு நியாயம். ஆல்பம் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 1999இல் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கான டைமண்ட் சான்று பெற்றது.

அப்படியானால் வானொலியை ஆட்டிப்படைத்தது என்று எதை வைத்துச் சொன்னேன்? மாடர்ன் ராக் டிராக்ஸ் என்ற பட்டியலை வைத்து. 1988இல் பில்போர்டு தொடங்கிய இது முழுக்க வானொலிக்கானது. லாஸ் ஏஞ்சலிஸின் கே.ஆர்.ஓ.க்யூ போன்ற நிலையங்கள் என்ன போடுகின்றன என்பதே அதன் கணக்கு. கடை விற்பனைக்கு அங்கே வேலை இல்லை. 'டூக்கி'யிலிருந்து முதலில் வானொலிக்கு வந்த 'லாங்வியூ' அதில் முதலிடம் பிடித்தது. அடுத்து வந்த 'பாஸ்கெட் கேஸ்' 1994 ஆகஸ்டில் முதலிடத்துக்கு ஏறி ஐந்து வாரம் இறங்கவில்லை. அதே மாதம் வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் கிரீன் டேயும் கூட்டமும் ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைத்துக்கொண்டது செய்தியானது. எம்.டிவி வேறு, மனநல விடுதிக் காட்சிகளோடு எடுக்கப்பட்ட காணொளியை ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பும் ஹாட் 100 கணக்கில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாட் 100 ஏர்பிளே என்று ஒலிபரப்பை மட்டும் எண்ணும் இன்னொரு பட்டியலும் இருந்தது. அதில் இந்தப் பாட்டு 26ஆம் இடம். இந்த எண்ணை நான் மறைக்கப் போவதில்லை. ராக் நிலையங்களில் அது ராஜா, பொது வானொலியில் நடுத்தரம். 'ஆட்டிப்படைத்தது' என்ற என் சொல்லை ராக் வானொலி என்ற எல்லைக்குள் வைத்தே படியுங்கள். அதே ஆல்பத்தின் 'வென் ஐ கம் அரௌண்ட்' மாடர்ன் ராக்கில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது, ஏர்பிளே பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. வானொலிக் கணக்கில் அதுதான் பெரிய பாட்டு. ஆனாலும் கிரீன் டே என்றதும் பெரும்பாலோர் முணுமுணுப்பது 'பாஸ்கெட் கேஸ்'தான்.

காரணம் அதன் தொடக்கம் என்பது என் கட்சி. பெரும்பாலான பாடல்களில் முதல் பத்துப் பதினைந்து நொடி வெறும் வாத்தியம். அறிவிப்பாளர்கள் அந்த இடைவெளியில்தான் நேரம், வெயில், அடுத்த நிகழ்ச்சி எல்லாவற்றையும் பேசி முடிப்பார்கள். நம் பண்பலை கேட்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'பாஸ்கெட் கேஸ்' அந்த இடத்தையே தருவதில்லை. முதல் நொடியிலேயே குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் குரல் ஒரு கேள்வியோடு நுழைந்துவிடுகிறது. துணைக்கு அடக்கி வாசிக்கப்படும் ஒரு கிட்டார் மட்டும். டிரம்ஸும் பேஸும் பிறகுதான் வந்து மோதுகின்றன. தன்னை வாட்டிய பதற்ற நோய் பற்றி எழுதிய பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பதற்றத்துக்கு முன்னுரை இல்லாத தொடக்கம் எவ்வளவு பொருத்தம் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நண்பரும் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லும் ஏழு பிரிட்டனின் ஏழு. அங்கே அப்போது சிங்கிள் பட்டியல் முழுக்கக் கடை விற்பனைதான், பாட்டும் சிங்கிளாகக் கடைக்கு வந்தது. 1994 ஆகஸ்டில் 55ஆம் இடம் வரை வந்து அடங்கிவிட்டது. 1995 ஜனவரியில் மறுபடி வெளியிட்டார்கள், அப்போது ஏழு. ஐந்து மாதத்தில் பாட்டு மாறவில்லை, குழுவின் பெயர் கடல் தாண்டியிருந்தது.

அமெரிக்காவில் விதிக்கு எதிராகக் குமுறல் வளர்ந்துகொண்டே போனது. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' ஏர்பிளேயில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100இல் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. நாடே கேட்கும் பாட்டு நாட்டின் முதன்மைப் பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பட்டியலை யார் மதிப்பார்கள்? 1998 டிசம்பர் 5 தேதியிட்ட பட்டியலில் இருந்து பில்போர்டு விதியைத் தளர்த்தியது. விற்பனைக்கு வராத பாட்டும் வானொலி பலத்தில் நுழையலாம் என்றானது. 2000இல் இன்னொரு பாப் பங்க் குழுவான பிளிங்க்-182இன் 'ஆல் த ஸ்மால் திங்ஸ்' ஹாட் 100இல் ஆறாம் இடம் வரை வந்தது இந்தப் புதிய ஏற்பாட்டில். கிரீன் டே முதல்முறை அங்கே தலைகாட்டியது 2004இல், 'அமெரிக்கன் இடியட்' 61ஆம் இடத்தைப் பிடித்தபோது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, பிளிங்க்தான் முன்னோடி, கிரீன் டே பின்னால் வந்தது என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், பட்டியலைப் படித்தவர்கள், அடிக்குறிப்பைப் படிக்காதவர்கள்.

இது பங்க்தானா என்ற கடைசிக் கேள்விக்கு எனக்கு முன்பே கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கிரீன் டே வளர்ந்த 924 கில்மன் தெரு அரங்கில் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு மேடை கிடையாது என்பது விதியாக இருந்தது. ரிப்ரைஸில் கையெழுத்திட்டதும் இவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. மூன்று பேர், மூன்று நிமிடம், கிட்டாரில் நான்கைந்து சுரக்கூட்டு, தன் கலக்கத்தைத் தானே கேலி செய்யும் ஒரு குரல். இதில் எதையும் வானொலி தொட்டு மாற்றவில்லை. 2015 மே மாதம் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காகக் கில்மன் அரங்கமே அவர்களை மறுபடி மேடையேற்றியது. நிதி, தீ விபத்தில் நொடித்த ஒரு சிறு பதிப்பகத்துக்காக.