எட்டு என்றால் கண் பட்டுவிடும்

(திருச்சி உறையூரில் 34 வருடம் மருந்துக்கடை நடத்திவிட்டு, கடைச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்ட மருந்தாளுநர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகிழ்ச்சியான நாடுகள் பட்டியலில் வருடா வருடம் பின்லாந்துதான் முதலிடம். நாமோ நூறுக்கும் கீழே. பொங்கல், திருவிழா, கல்யாணம் என்று கூடிக் கொண்டாடுகிற நமக்கா மகிழ்ச்சி இல்லை?
– வாசகர், கும்பகோணம்

கோபப்படுவதற்கு முன், பட்டியல் போடுகிறவர்கள் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். சிரிக்கிறீர்களா, கொண்டாடுகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடியில் 0, உச்சியில் 10. உச்சி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆகச் சிறந்த வாழ்க்கை, அடி என்பது ஆக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் போட்ட ஏணி இது. மூன்று வருடப் பதில்களின் சராசரியை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். வருமானம், ஆயுள், ஊழல் எல்லாம் அந்த வித்தியாசம் ஏன் என்று விளக்கத்தான், மதிப்பெண்ணில் சேராது. 2025 உலக மகிழ்ச்சி அறிக்கையில் பின்லாந்துக்குச் சுமார் 7.7, நமக்கு 4.4. 147 நாடுகளில் 118-வது இடம்.

உங்கள் கடிதம் வந்ததும் நானும் ஒரு நோட்டு, பென்சிலோடு கிளம்பினேன். காலையில் உய்யக்கொண்டான் கரையில் எங்களோடு நடக்கிற ஓய்வுபெற்ற வங்கிக்காரரைப் பிடித்தேன். "பென்ஷன் வருது, சுகர் 140-ல நிக்குது, பேத்தி தினமும் வீடியோ கால்ல வர்றா. ஒரு அஞ்சு போட்டுக்குங்க." இவ்வளவும் சொல்லிவிட்டு அஞ்சா சார் என்றேன். "சம்பந்தி வீடு கட்டிட்டாரே" என்றார். ஏணி என்றதும் நம் ஆட்கள் பக்கத்து வீட்டு மாடியைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்தது தெருமுனையில் இட்லி விற்கிற ஆச்சி. யோசிக்காமல் "எட்டு" என்றார். நான் எழுதிக்கொண்டேன். தட்டில் சட்னி ஊற்றியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "தம்பி, எட்டுன்னா கண்ணு பட்டுரும். நாலுன்னு மாத்திக்க." அழித்துவிட்டு நாலு என்று எழுதும்வரை என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாலை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் யாரும் வாசலில் பூசணிக்காய் உடைப்பதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கண்ணேறு மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. மூன்றாவதாகக் கேட்ட ஆட்டோக்காரர் "ரெண்டு" என்றார். மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவர் அக்கம்பக்கம் பார்க்கவில்லை.

கேள்வி: மகன் கைக்கடிகாரம் வாங்கி அனுப்பியிருக்கிறான். தினமும் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் அது சிவப்பு காட்டுகிறது. ராத்திரி 11 மணிக்கு ஹாலில் நடந்து கணக்கைத் தீர்க்கிறேன். என் வயது 67. இது தேவையா?
– வாசகி, விழுப்புரம்

தேவையில்லை அம்மா, படுத்துத் தூங்குங்கள். அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965-ல் ஒரு ஜப்பான் நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்'. விற்பதற்காக வைத்த பெயர் இன்று உங்கள் ஹால் வரைக்கும் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவு நடை. உங்கள் வயதுக்குக் கூடவே, கால் தடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சியும் வேண்டும். எங்கள் நடைக் கூட்டத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பேரன் கையில் கட்டிவிடுகிறார். மதியத்துக்குள் இருபதாயிரம்.

கேள்வி: மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். பசி, தூக்கம் திரும்பிவிட்டது. மாமியார் கண்ணில் படக் கூடாதென்று தைராய்டு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இனி நிறுத்திவிடலாமா?
– பெயர், ஊர் வேண்டாம்

நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால் இருக்கலாம். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், பழைய நோயும் திரும்பலாம். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அப்புறம், அந்த டப்பாவை இன்றைக்கே மாற்றுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது தைராய்டு இருந்தால் அவசரத்தில் உங்கள் மாத்திரையை விழுங்கிவிடுவார்கள். அட்டையைப் பிரிக்காமல், பெயரும் காலாவதி தேதியும் தெரிகிற மாதிரி தனியாக வையுங்கள்.

ஒளித்து வைப்பதைப் பற்றி உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. சர்க்கரைக்காரர்கள் கடை வாசலிலிருந்தே "அண்ணே, எனக்கு 280!" என்பார்கள், மகனின் ப்ளஸ் டூ மார்க்கைச் சொல்கிற மாதிரி. மனதுக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் மற்றவர்கள் போகும்வரை இருமல் மருந்து அலமாரியைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். சீட்டு நாலாக மடிந்திருக்கும். "கவர்ல போட்டுக் குடுங்க" என்பார்கள். என் அக்கா இறந்தபோது எனக்கும் இரண்டு மாதம் தூக்கம் இல்லை. டாக்டர் எழுதித் தந்த மாத்திரை என் கடையிலேயே மூன்றாவது தட்டில் இருந்தது. கடைப் பையனுக்குத் தெரியக் கூடாதென்று பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், முகம் தெரியாத கடையில் வாங்கினேன். கவரும் கேட்டேன்.

சட்டம் நம்மைவிடத் தைரியமாக இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்க வேண்டும். மனம் ரொம்பக் கனத்தால் 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' என்கிற மனநல உதவித் தொலைபேசி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: சிரிப்பு வராமலே சிரிக்கிற 'சிரிப்பு கிளப்' பலன் தருமா?
– வாசகர், நாமக்கல்

1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஐந்தே பேரோடு ஆரம்பித்தது. நான் நாலு நாள் போனேன். அங்கே சிரிப்பு வரவில்லை. முடிந்ததும் காபி குடிக்கப் போன இடத்தில், யார் சிரிப்பு எப்படி இருந்தது என்று பேசும்போது வந்தது. ஆகவே போங்கள், காபிக்கும் இருங்கள்.

கேள்வி: உங்களுக்கு எந்தப் படி?
– கும்பகோணத்து வாசகரேதான், அதே கடிதத்தின் பின்பக்கத்தில்

ஆறு. முழங்கால் வலி வருவதற்கு முன் ஏழு. வீட்டம்மாவிடமும் கேட்டேன். "மாவு பொங்கி வழியுது, அப்புறம் சொல்றேன்" என்றார். நாலு நாள் ஆகிறது.