வெளிக்குள் நிற்கும் மாடு

அன்புள்ள ஐயா,

திருகோணமலையிலிருந்து வடக்கே போனபோது உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று பெயர்ப்பலகைகள் வந்தன. ‘வேலி’தான் இப்படித் திரிந்தது என்றார் உடன் வந்தவர்; தஞ்சைப் பக்கம் நிலத்தை வேலிக் கணக்கில் சொல்வதுண்டு. மணலைக் குறிக்கும் சிங்களச் சொல் என்றார் இன்னொருவர். எது சரி?

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே இல்லை. ஆங்கில எழுத்தில் வெளியும் வேலியும் ஒன்றாகிவிடுவதால் வந்த மயக்கம் இது. 20 மா கொண்ட வேலி உங்கள் காவிரிக்கரைக் கணக்கு. சிங்களத்தில் மணலுக்கு ‘வெலி’ என்பது உண்மை. கொட்டியாரக் குடாவில் விழும் மகாவலி ஆற்றின் பெயரில் இருப்பது அதுதான். ஆனால் யாழ்ப்பாணத்து வல்லைவெளியில் இருக்கும் அதே தமிழ்ச் சொல்தான் இந்த ஊர்களிலும் இருக்கிறது.

“மாடு வெளிக்குள் நிற்கிறது” என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உங்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். எங்களுக்கு வெளி என்பது உள்ளே போகக்கூடிய ஓர் இடம்: மரமும் வீடும் இல்லாத, தாழ்ந்த, பரந்த தரை. மாரியில் தண்ணீர் நிற்கும். கோடையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்க அடிக்க நீர் வற்றி உப்புப் பூக்கும். சிறுவனாக அந்த வெள்ளைப் பொருக்கில் கால் வைத்திருக்கிறேன். அப்பளம்போல நொறுங்கும், அடுத்த கணம் கணுக்கால்வரை கறுத்த சேறு. ஓரங்களில் உமரிச் செடி சிவந்து கிடக்கும்.

இதற்கு எதிர்ச்சொல் திடல், அதாவது மேட்டு நிலம். மூதூர்ப் பக்கம் பட்டித்திடல் என்றோர் ஊர் உண்டு. வெளியில் வெள்ளம் ஏறினால் மாட்டுப் பட்டியை மேட்டுக்குத்தானே கொண்டுபோக வேண்டும்! ‘வெள்ளிடைமலை’ என்கிறோமே, அந்த வெள்ளிடையும் இத்தகைய திறந்த தரைதான்.

வெளியை ‘வெற்றுக் காணி’ என்று எழுதியிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மழைநீர் கடலுக்குப் போகுமுன் தங்கிச் செல்லும் இடம் அது. அதை மண் கொட்டி நிரப்பினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்துக்குத்தான் போகும்.

நீங்கள் வந்தது கோடையாக இருக்க வேண்டும். மார்கழியில் ஒருமுறை வாருங்கள். கடற்கரையோடு திரும்பிவிடாமல் வீதியின் மேற்குப் பக்கமும் பாருங்கள்.

அன்புடன்.