விக்டோரியா காலத்து லண்டனில் ஒரு பெண்ணுக்குப் பத்திரிகை வேலை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் நாவலின் நாயகிக்கு லண்டன் தினசரியில் எழுத்து வேலை வாங்கித் தர வேண்டும். எங்கே தொடங்கட்டும்?

முதலில் ஆண்டைச் சொல்லுங்கள். விக்டோரியா காலம் 1837 முதல் 1901 வரை நீள்கிறது. வேலையும் அதற்கேற்ப மாறியது. 1840-களின் கடைசி என்றால் எலைசா லின்னைப் பாருங்கள். ‘மார்னிங் கிரானிக்கிள்’ ஆசிரியர் குக், ஓர் அரசு அறிக்கையைக் கையில் கொடுத்துத் தலையங்கம் எழுதச் சொன்னார். தொழிலாளிக்குக் கூலியைக் காசாகத் தராமல் சரக்காகத் தரும் முறையைப் பற்றிய அறிக்கை அது. எழுதிக் கொடுத்தார், வேலை கிடைத்தது: மாதம் இருபது கினி (ஒரு கினி என்பது ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங்). உங்கள் நாயகியையும் இப்படி ஒரு மேசையில் உட்கார வையுங்கள். சிபாரிசுக் கடிதக் காட்சியைவிட இது உயிரோடு இருக்கும்.

1855-இல் பத்திரிகை முத்திரை வரி போனதும் மலிவு விலைத் தாள்கள் பெருகின, எழுத ஆளும் தேவைப்பட்டது. 1868-இல் தொடங்கிய மாலைத்தாள் ‘எக்கோ’வில் பிரான்சஸ் பவர் கோப் வாரம் மூன்று காலை அலுவலகம் போய்த் தலையங்கம் எழுதினார்.

கேள்வி: ஆண் பெயரில்தானே எழுத வேண்டும்?

தலையங்கத்துக்கு எந்தப் பெயரும் கிடையாது. ஆணுக்கும் அப்படித்தான்.

கேள்வி: புனைபெயராக ஆண் பெயர் வைக்கலாமா?

மேலே இருக்கிறது.

கேள்வி: பெயர் போடாத வழக்கமே பெண்களை மறைக்கும் சூழ்ச்சி இல்லையா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். பெயர் இல்லாவிட்டால், அடுத்த ஆசிரியரிடம் ‘இது நான் எழுதியது’ என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் கதவைத் திறந்ததும் அதே வழக்கம்தான். ஹாரியட் மார்ட்டினோ காது கேளாதவர், லண்டனிலிருந்து வெகுதூரம் ஆம்பிள்சைடில் இருந்தார். 1852 முதல் 1866 வரை ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்குத் தபாலில் 1,600-க்கு மேல் கட்டுரைகள் அனுப்பினார். வாசகர்களில் பலருக்கு அது ஒரு பெண்ணின் கை என்றே தெரியாது. அந்த மறைவு இல்லாமல் அடிமை ஒழிப்பையும் அரசியலையும் அவ்வளவு அதிகாரத்தோடு எழுத விட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: அப்படியானால் புகழ் யாருக்குப் போனது?

பத்திரிகைக்கு. அந்த அநியாயத்தில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: நாடாளுமன்ற நிருபராக ஆக்கலாமா?

கூடாது. நிருபர் மாடத்தில் பெண்களை விடவில்லை. பெண்களுக்கு இருந்தது கம்பி வலைக்குப் பின்னால் ஒரு மாடம்.

கேள்வி: நெல்லி பிளை போல ஒருத்தி?

அவர் மாறுவேடத்தில் உள்ளே போய் எழுதிய அமெரிக்க நிருபர்; நியூயார்க், 1887. லண்டன் வேறு.

கேள்வி: ‘டைம்ஸ்’ பத்திரிகையில்?

ஆண்டு! 1893 என்றால் பிளோரா ஷா குடியேற்ற நாடுகள் பகுதியின் ஆசிரியரானார். 1850 என்றால் மறந்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, ஆண்டு சொல்லிவிட்டேன். 1862, திருமணமானவள்.

நல்லது. அப்படியானால் அவள் சம்பளம் சட்டப்படி கணவனுடையது. 1870-இல்தான் மனைவியின் உழைப்பூதியம் அவளுக்கே என்று சட்டம் வந்தது. மாதக் கடைசியில் அவன் அலுவலகத்துக்கே வந்து காசைக் கேட்டாலும் காசாளரால் மறுக்க முடியாது. அந்தக் காட்சியை எழுதுங்கள்.