ட்ரெய்லர் மோதிக் கால் நசுங்கினால் சிங்கப்பூரில் இழப்பீடு உண்டா?

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில், துவாஸில் உள்ள ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். ரிவர்ஸ் எடுத்த ட்ரெய்லர் மோதியதில் அவருடைய வலது பாதம் நசுங்கிவிட்டது. வண்டிக்குப் பின்னால் நின்றது அவருடைய தவறு, வண்டியும் வேறு கம்பெனியுடையது என்று சொல்லி முதலாளி அவரை ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார். இழப்பீடு கிடைக்குமா? (வாசகி, புதுக்கோட்டை)

பதில்: கேட்கலாம் அம்மா. சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்று பார்ப்பதில்லை. வேலையின்போது, வேலை காரணமாகக் காயம் ஏற்பட்டது என்பதே போதும். குடிபோதை, அடிதடி போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. வண்டி யாருடையது என்பதும் இந்த உரிமையைப் பறிக்காது.

எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) அல்லது லைட் டூட்டி (இலகுவான வேலை மட்டும்) கொடுக்கப்பட்ட விபத்தை, அது தெரியவந்த 10 நாட்களுக்குள் முதலாளி மனிதவள அமைச்சிடம் அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்காவிட்டால் உங்கள் கணவரே அமைச்சிடம் கோரிக்கை அளிக்கலாம். ஆனால் விபத்து நடந்த ஒரு வருடத்துக்குள் அளித்துவிட வேண்டும். வேலை அனுமதி ரத்தானாலும் இந்த உரிமை போகாது. எம்.சி. நாட்களுக்கான சம்பளமும் மருத்துவச் செலவும் இதில் அடங்கும். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, அல்லது ஒரு வருடம் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை.

எனக்குப் பெரிய கவலை, அவர் அவசரப்பட்டு ஊர் திரும்பிவிடுவாரோ என்பதுதான். பாதம் நசுங்கிய காயத்தில் எலும்பு கூடிய பிறகும் நடை பழையபடி ஆகாமல் போகலாம். இழப்பீட்டுக்கு அடிப்படையான நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்பதைக் காயம் ஒரு நிலைக்கு வந்த பிறகே மருத்துவர் கணிப்பார். அந்தக் கணிப்பு முடியும்வரை அவர் அங்கேயே இருப்பது நல்லது. விபத்து நடந்த நாள், நேரம், வண்டி எண், கூட இருந்தவர்களின் பெயர், எம்.சி. நகல்கள் எல்லாவற்றையும் இப்போதே போட்டோ எடுத்து உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, கவனக்குறைவுக்காக அந்த வண்டிக் கம்பெனிமீது மூன்று வருடங்களுக்குள் சிவில் வழக்குப் போடுவது. இழுவண்டி (ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி) திரும்பியபடி பின்னால் வரும்போது, ஒரு பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கவாட்டு மட்டுமே தெரியும். ட்ரெய்லருக்குப் பின்னால் நிற்பவர் ஓட்டுநருக்குத் தெரியவே மாட்டார். அதனால்தான் சைகை காட்ட ஓர் ஆள் வேண்டும். அப்படி ஒருவரை நிறுத்தாதது அங்கே வலுவான வாதம். ஆனாலும் தவறை நிரூபிக்க வேண்டும், காலமும் பிடிக்கும். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது என்பதால், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, ஒரு வருடக் கெடு முடிவதற்கு நிறைய நாள் இருக்கும்போதே முடிவெடுங்கள்.