விளையாடி முடித்தவை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கல்லூரிக் காலத்திலிருந்தே வீடியோ கேம் விளையாடி வருகிறேன். சொந்தச் சம்பளத்தில் கணினி வாங்கிய பிறகு, முன்பு ஆசைப்பட்டு விளையாட முடியாமல் போன பெரிய ஆட்டங்களை ஒவ்வொன்றாக முடிக்கிறேன். கடைசியாக முடித்தது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அதன் நாயகன், கொள்ளைக் கூட்டத்துக்காரனான ஆர்தர் மார்கனோடு மாதக்கணக்கில் குதிரையில் திரிந்தேன். அவன் இருமத் தொடங்கிய பிறகு அவனை வேகமாக ஓட்டிச் செல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எல்லாம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடியபோது, இத்தனை நாள் எதைச் சேர்த்தேன், கைக்கு என்ன மிஞ்சியது என்ற வெறுமைதான் வந்தது. சேர்த்த துப்பாக்கியும் பணமும் குதிரையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. "கல்யாண வயசுல என்னடா விளையாட்டு" என்று அப்பா கேட்கும்போதும் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் விளையாடுவதுண்டு என்று ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். அண்மையில் எவற்றை முடித்தீர்கள், அவை உங்களுக்கு என்ன தந்தன என்று எழுத முடியுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

க.,
காவேரிப்பட்டணம்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் வெறுமையைப் பற்றிய வரியைவிட, ஆர்தரை வேகமாக ஓட்டிச் செல்ல மனம் வரவில்லை என்ற வரியே என் மனத்தில் நின்றது. எதுவும் மிஞ்சாதவர் எழுதக்கூடிய வரி இல்லை அது. 1899இல் தொடங்கும் அந்தக் கதையில், கடன் வசூலிக்கப் போகும் ஆர்தர், நோயில் நைந்துபோன ஒரு குடியானவரை அவருடைய நிலத்திலேயே வைத்து அடிக்கிறான். அவர் இருமும்போது முகத்தில் தெறிக்கும் ரத்தத்தோடு காசநோய் அவனுக்கு வந்து சேர்கிறது. அந்த அடிக்கான பொத்தானை அழுத்தியது நாம்தான். அதன்பின் அந்த ஆட்டம், அவ்வளவு பணம் போட்டு எடுக்கப்படும் ஆட்டங்கள் அநேகமாகச் செய்யத் துணியாத ஒன்றைச் செய்கிறது: நாம் பார்த்துப் பார்த்து வளர்த்த உடலை நம் கண்ணெதிரிலேயே மெலிய விடுகிறது. நீங்கள் சேர்த்த துப்பாக்கியும் பணமும் உங்களோடு வெளியே வரவில்லை என்பது உண்மை. அந்த இருமல் வந்திருக்கிறது.

இருந்தாலும் நீங்கள் சொல்லும் வெறுமையை நான் அறிவேன். பெரிய ஆட்டங்களில் பெரும்பாலானவை திரையில் இருப்பவனுக்கு வலு ஏற்றுவதையே அடிப்படை வேலையாக வைத்திருக்கின்றன. மணிக்கணக்கில் உழைத்தால் லெவல் ஏறும், கவசம் தடிக்கும், நேற்று நம்மை வீழ்த்திய எதிரி இன்று இரண்டு அடியில் விழுவான். ஆனால் அந்த வலு முழுவதும் அவனுடையது என்பதால், ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கும்போது நாம் வெறுங்கையோடுதான் எழுந்திருக்கிறோம். அண்மையில் நான் முடித்த மூன்று ஆட்டங்களில் திரையில் இருப்பவருக்கு எதுவுமே சேர்வதில்லை. கடைசிவரை அவர் முதல் நிமிடத்தில் இருந்தபடியேதான் இருக்கிறார். ஆடுகிறவருக்குத் தெரிந்தது மட்டும் கூடிக்கொண்டே போகிறது, அந்த அறிவுதான் ஆட்டத்தில் உள்ள ஒரே சாவி. என்னளவில் வீடியோ கேம் என்ற வடிவம் முழு உயரத்தில் நிற்பது இத்தகைய ஆட்டங்களில்தான்.

முதலாவது, 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ். அலெக்ஸ் பீச்சம் என்பவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது தொடங்கி, பிறகு மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் முழு ஆட்டமாக வளர்த்தெடுத்தது. கைக்கடக்கமான ஒரு சூரியக் குடும்பம், மரப்பலகைகள் வைத்துத் தைத்ததுபோன்ற ஒரு விண்கலம், எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற அனுமதி, இவ்வளவுதான் நமக்குக் கிடைப்பவை. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழிகிறது. நாம் கிளம்பிய இடத்திலேயே, நெருப்பருகில், மறுபடி கண்விழிக்கிறோம். கோள்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் தூணாகக் கொட்டிக்கொண்டே இருப்பதால், ஒன்றின் குகைகளுக்குள் தொடக்க நிமிடங்களில் மட்டுமே நுழைய முடியும், மற்றதிலோ நேரம் செல்லச் செல்லத்தான் மணலுக்கடியில் இருந்த கட்டடங்கள் தலைகாட்டும். எந்தக் கதவுக்கு எந்த நிமிடம் என்பதை நாமே கண்டுபிடிக்கிறோம், அது தெரிந்த பிறகு அந்த உலகம் நம் ஊர்த் தெருவைப்போலப் பழகிவிடுகிறது.

விளையாடும் எண்ணம் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். முட்புதரும் மூடுபனியுமாக ஒரு இடம் உண்டு. உள்ளே விண்கலத்தையே விழுங்கும் அளவுக்குப் பெரிய மீன்கள், தலையில் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருக்கின்றன. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் தப்ப முடியாது. ஆனால் வேறொரு கோளின் குகையில், எப்போதோ அழிந்துபோன நோமாய் என்ற இனத்தின் குழந்தைகள், அந்த மீனின் புதைபடிவத்துக்குப் பக்கத்தில் ஆடிய ஒரு விளையாட்டின் விதிகளை எழுதிவைத்திருக்கிறார்கள். நம் கண்ணாமூச்சி மாதிரிதான்: ஒருவர் மீனாக வேண்டும், மீனுக்குக் கண் தெரியாது, மற்றவர்கள் சத்தமில்லாமல் கடந்துபோக வேண்டும். இதைப் படித்தவுடன் எனக்கு உடல் சிலிர்த்தது. திரும்பப் போய், புதருக்குள் நுழைந்ததும் இயந்திரத்தை அணைத்து, கையைக் கன்ட்ரோலரிலிருந்து எடுத்துவிட்டு, விண்கலம் தானாக மிதந்து அந்தப் பற்களுக்கு நடுவே நகர்வதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆயுதமோ ஒரு புள்ளி வலுவோ கூடவில்லை. செத்துப்போன குழந்தைகளின் விளையாட்டு ஒன்று என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

குறையும் உண்டு. ஒரே இடத்தில் பாதிப் பேச்சைப் படிப்பதற்குள் சூரியன் வெடித்துவிட, மறுபடி அவ்வளவு தூரம் பறந்து போகவேண்டியிருப்பது, அதுவும் வேலை முடிந்து களைத்து வந்து உட்கார்ந்திருக்கும் இரவில், அலுப்பூட்டத்தான் செய்கிறது. ஒருமுறை முடித்தவர் அதே ஆட்டத்தை மறுபடி ஆடவும் முடியாது, தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்க வழியில்லை. அந்த ஒருமுறைக்காக இந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் தீர்ப்பு.

அடுத்தது ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகஸ் போப் ஏறக்குறையத் தனியொருவராகவே உருவாக்கி 2018இல் வெளியிட்டது. பழைய மேகின்டோஷ் கணினித் திரையைப்போல இரண்டே நிறத்தில், புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆன படம். 200 டன்னுக்கு மேற்பட்ட சரக்கோடு 1802இல் லண்டனிலிருந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்ட ஓப்ரா டின் என்ற கப்பல், நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேராமல் தொலைந்ததாக அறிவிக்கப்படுகிறது. 1807 அக்டோபரில் ஆளரவமற்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு மதிப்பீட்டாளராக நாம் ஏறிப் பார்க்கிறோம். 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், யாரால் ஆனார் என்று புத்தகத்தில் எழுதவேண்டும். கையில் ஒரு கடிகாரம்; எலும்பருகே அதைத் திறந்தால் இருட்டில் சாவுக்கு முந்தைய சில நொடிகளின் ஓசை கேட்கும், பிறகு அந்தக் கணம் அப்படியே உறைந்து நிற்க, அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம்.

பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும். ஒருவர் சாகும் காட்சியின் மூலையில், அதற்குச் சம்பந்தமே இல்லாத மாலுமி ஒருவன் தொங்குபடுக்கையில் தூங்கிக்கொண்டிருப்பான். படுக்கையில் ஒரு எண் கட்டியிருக்கும். அவனுடைய காலணியை நினைவில் வைத்திருந்து, இன்னொரு காட்சியில் பாய்மரத்தின்மேல் நிற்பவனின் காலோடு பொருத்தவேண்டும். மூன்று பேரைப் பற்றிச் சரியாக எழுதினால் மட்டுமே ஆட்டம் ஆமென்று ஒப்புக்கொள்ளும் என்பதால் குருட்டாம்போக்கில் ஊகிக்கவும் வழி குறைவு. இப்படி ஒரு மனிதனை அவன் காலணி அளவுக்கு உற்றுப் பார்க்க வைத்த வேறு ஆட்டத்தை நான் ஆடியதில்லை.

நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் பல்லவர் காலத்து நடுகற்களில் வட்டெழுத்தில் வெட்டியிருப்பதும் இதேதான்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், அவன் பெயர், ஆநிரை கவரவோ மீட்கவோ நடந்த எந்தத் தொறுப் பூசலில் எப்படி மாண்டான். சில கற்களில் உடலில் தைத்த அம்பையும் செதுக்கியிருப்பார்கள். ஆனால் நடுகல்லை எழுப்பியவர்கள் மாண்டவனின் மனிதர்கள். ஓப்ரா டின்னில் நாம் நிரப்பும் புத்தகமோ கம்பெனியின் புத்தகம். முடிவில் மாண்டவர்களின் வாரிசுகளுக்கு இவ்வளவு தொகை, இவ்வளவு அபராதம் என்று அது கணக்காகத்தான் முடிகிறது. அந்தக் கற்பனைக் கப்பல் புறப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அடங்கிய பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் நம் நிலங்களை வயல் வயலாக அளந்து, இன்னாருக்கு இவ்வளவு தீர்வை என்று எழுதினார்கள். குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருக்கொண்டது இந்த மண்ணில்தான். அதே கம்பெனியின் பேனாவைப் பிடித்துக்கொண்டு, பயணத்தின் தொடக்கத்திலேயே நோயில் மாளும் இரண்டு இந்திய மாலுமிகளின் பெயரைத் தேடியபோது, அவர்களைத் தவறாக எழுதிவிடக் கூடாது என்று எனக்கிருந்த பதற்றம் கப்பல்தலைவனைப் பற்றி எழுதியபோது இருக்கவில்லை.

மூன்றாவது, 2023இல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய ஆட்டம். 2024இல் முதல் படைப்புக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா தன் அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். விடுபட்ட வரியை நாம் நிரப்பவேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது அதில் ஒரு புதிர். ஏனைய நாட்டவர்கள் யோசித்துத் தீர்க்கும் இடத்தை நம் கை யோசிக்காமல் கடந்துவிடுகிறது, ஆகவே புதிராக அந்த ஆட்டம் நமக்கு இல்லை. இது அதன் குறை என்று சொல்லமாட்டேன். மகன் கவின் வளர்ந்து, அம்மாவின் பேச்சு பாதி புரியாமல் அந்தக் குறிப்பேட்டின் முன் நிற்கும்போது, எனக்கு எளிதாகத் தெரிந்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை என்பதே வலித்தது. அவனுடைய பகுதி இன்னும் நீண்டிருக்கவேண்டும். கதை அங்கே அவசரப்படுகிறது.

இதை ஆடியபோது நம் பக்கத்துக் களி நினைவுக்கு வந்தது. நொய் கொதித்ததும் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் கோலால் குழி போட்டு, மாவு வெந்ததா என்று ஆவியின் வாசத்தில் கண்டு, பிறகு கட்டி விழாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டுவதற்குள் தெரிந்திருக்கவேண்டியவை எத்தனை இருக்கின்றன. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருக்கும் யாராவது ஒரு பிள்ளை அதை ஆட்டமாக்கினால், குறிப்பேடே இல்லாத ஒரு சமையலைத் திரையில் எப்படிக் கற்பிப்பது என்ற கடினமான வேலை அவருக்குக் காத்திருக்கிறது.

அப்பாவின் கேள்வி உங்கள் நேரத்தையும் கல்யாணத்தையும் பற்றியது. அதற்கு ஆட்டங்களின் பெருமையைப் பதிலாகச் சொல்லாதீர்கள், அவர் கேட்டதற்கே நேராகப் பதில் சொல்லுங்கள். வெண்பாவை மட்டும் வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடுங்கள்.

மற்ற இரண்டில் ஓப்ரா டின்னை முதலில் எடுங்கள். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், ஷிப்ட் முடிந்த இரவில் ஒரு மணி நேரம் ஆடி நிறுத்தினாலும் நூல் அறுந்துபோகாது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். விடை சொல்லும் யூட்யூப் காணொளிகளைத் திறந்துவிடாதீர்கள், இந்த வகை ஆட்டங்களில் ஒரு விடையை அங்கே பார்த்துவிட்டால் அந்தப் பகுதி உங்களுக்கு இனி இல்லை. எங்காவது சிக்கிக்கொண்டால் எந்தக் காட்சி என்று குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள். பெயரைச் சொல்லமாட்டேன், எந்த மூலையைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.